ஜவ்வரிசிக் கஞ்சியை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பி மகனுக்கு ஏழு வயது. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. தொடையில் அஸ்பராஜினேஸ் ஊசி போடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. வாயெல்லாம் புண் என்பதால் ஜவ்வரிசிக் கஞ்சியில் சர்க்கரை போட்டு ஆற வைத்துக் கொடுக்கிறோம். ‘சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, அதைப் பட்டினி போடுங்கள்’ என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டுகிறார். கஞ்சியை நிறுத்தலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. சேலத்துக்காரரிடம் ஜவ்வரிசியை விடச் சொல்ல எனக்கு வாயும் வராது.

உறவினர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாகத் தள்ளுவதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். உடலில் குளுக்கோஸ் சேரும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது இதை வைத்துத்தான். ஆனால் மூளையும் சிவப்பணுவும் ஓடுவதும் அதே குளுக்கோஸில். வாய்வழி வருவதை நிறுத்தினால், கல்லீரல் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். இளைப்பது பையன்தான்.

பட்டினி போடும் வேலை ஏற்கெனவே நடக்கிறது, அந்தத் தொடை ஊசியில். அஸ்பராஜின் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதம் கட்டும் செங்கல்களில் ஒன்று. நம் சாதாரணச் செல்களில் பெரும்பாலானவற்றிடம் அதைத் தயாரிக்கும் என்சைம், அதாவது வேதிவேலை பார்க்கும் புரதம், இருக்கிறது. இந்த ரத்தப் புற்றுச் செல்களிடம் அது போதாது. வீட்டில் அடுப்பில்லாதவர் மெஸ்ஸை நம்பிச் சாப்பிடுவதுபோல, ரத்தத்தில் வருவதை நம்பித்தான் பிழைக்கின்றன. ஊசி மருந்து ரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைத்து மெஸ்ஸை மூடிவிடுகிறது. இதன் ஆரம்பம் கினிப்பன்றி! அதன் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) ஏற்றியபோது எலிகளின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டிகள் கரைவதை 1953இல் ஜான் கிட் எழுதினார். சீரத்திலிருந்த அஸ்பராஜினேஸ்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. இப்போது ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுக்கிறார்கள்.

மெத்தோட்ரெக்சேட் வேட்டையாடுவது ஓர் என்சைமை. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பயன்படுத்தி டி.என்.ஏ. கட்ட உதவும் என்சைமை அது முடக்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து வரிசை இது. அதில் முந்தியதான அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948இல் வெளியிட்டவர் சிட்னி ஃபார்பர். ஆனால் அந்த என்சைம் நல்ல செல்லிலும் இருக்கிறதே? வேகமாக வளரும் வாயின் உள்தோலும் அடிபடும். பையனின் வாய்ப்புண்ணுக்கு அது பெரிய காரணம்.

அதனால் சோர்வாக இருக்கிறான் என்று கடையில் சத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் இருந்தால் மருந்துக்கு எதிர்வேலை. முருங்கைக்கீரையில் இயல்பாக இருப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம். அப்புறம், அஸ்பராஜினேஸும் ஸ்டீராய்டும் சேரும்போது ரத்தச் சர்க்கரை ஏறலாம்; அப்படி ஏறி டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கஞ்சியில் உப்பும் மோரும் போடுங்கள். ஊசிக்குப் பிறகு முதுகுவரை இழுக்கும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. கணையம் வீங்கியிருக்கலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரை புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் என்கிறார் பக்கத்து எஸ்டேட்காரர். போடலாமா?
– வாசகி, ஏற்காடு.

பதில்: அவருடைய காப்பி, மிளகு யோசனைகளைக் கேளுங்கள், இதை வேண்டாம். உங்களைப்போன்ற 3,600க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. நோய் திரும்புவதை மெட்பார்மின் தடுக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரை இருந்தால் அதை ஒருநாளும் விடாதீர்கள். அவற்றில் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் செய்யும் அரோமடேஸ் என்சைமை முடக்கும் மாத்திரைகள்தாம்.