ஒரு மணி நேரத்துக்கு ஒரு மா

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறேன். சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவுக்குத் தகுந்த சந்தோஷம் அதில் இருக்கிறதா?

எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலைக்காக எட்டு வருஷம் ஹூஸ்டனில் இருந்தேன். அங்கேதான் 2023இல் லைசென்ஸ் எடுத்தேன். அப்புறம் மூன்று பேரோடு சேர்ந்து செஸ்னா 172 என்ற ரகத்தில் ஒரு பழைய சின்ன விமானத்தில் கால் பங்கு வாங்கினேன். போன வருஷம் பங்கை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

செலவை என்னைவிட அப்பாதான் சரியாகக் கணக்குப் போட்டார். பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் போனில், "ஒரு மணி நேரம் ஓட்ட என்ன ஆவுது தம்பி?" என்றார். வாடகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 165 டாலர் என்றேன். டாலரெல்லாம் வேண்டாம், ரூபாயில் சொல் என்றார். அன்றைய கணக்கில் பதிமூன்றாயிரத்து எழுநூறு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் அப்போது 40 கிலோ மூட்டைக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். "அப்ப பதினஞ்சு மூட்டை. நல்லா விளைஞ்சா ஒரு மாவுல கிடைக்கிறது. மணிக்கு ஒரு மா!" என்றார். (டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, 20 மா ஒரு வேலி.) அதுவும் உரம், நடவு, அறுவடைக் கூலி எதுவும் கழிக்காத மகசூல்.

அமெரிக்காவில் குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் தனியார் விமானி லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். 40இல் முடித்தவர் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு 63 ஆனது. பயிற்சியாளர் கூலி தனி. "மூணு வேலியை ஆகாசத்துல விதைச்சிருக்கே" என்று அப்பா முடித்துக்கொண்டார்.

சரி, விமானத்தின் விலை என்ன என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. எங்கள் விமானம் 1975இல் செய்தது, என்னைவிட மூத்தது. வழக்குச் செலவுகள் தாங்காமல் 1986இல் செஸ்னா நிறுவனம் இந்த ரகச் சின்ன விமானங்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. மறுபடி ஆரம்பிக்கப் பத்து வருஷம் ஆனது. அதனால் எழுபதுகளில் செய்த விமானங்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கால் பங்கு எனக்கு ஒரு சுமாரான கார் விலைக்குக் கிடைத்தது.

செலவு அதற்கு அப்புறம்தான். நிறுத்தி வைக்கும் கொட்டகைக்கு மாத வாடகை, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இவை வந்துகொண்டே இருக்கும். டிராக்டர் வாங்கினால் பக்கத்து வயலுக்கு வாடகைக்கு ஓட்டியாவது தவணை கட்டலாம். தனியார் லைசென்ஸை வைத்துக்கொண்டு காசுக்கு ஆள் ஏற்ற முடியாது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

ஒரு பரிசோதனையின்போது நானும் கூடவே நின்றேன். மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். மூன்று சிலிண்டர்கள் எழுபதுக்கு மேல். ஒன்று மட்டும் 48. என்னைக் கூப்பிட்டுப் புகைக்குழாயில் காதை வைக்கச் சொன்னார். உள்ளேயிருந்து, சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருமே, அந்த மாதிரி 'உஸ்' என்று சத்தம். வால்வு சரியாக மூடவில்லை. மொத்தம் 2,600 டாலர், என் பங்கு 650. சிலிண்டர் வந்து சேர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் கொட்டகை வாடகை குறையவில்லை.

பணத்தைவிட அந்த ஆறு வாரம்தான் எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது. விமானம் தயாரானதும் முதல் ஆளாகப் போய் ஏறினேன். இறங்கும்போது ஓடுதளத்தில் சக்கரம் பட்டதும் தவளை மாதிரி ஒரு துள்ளல், அப்புறம் இன்னும் பெரிதாக ஒன்று. மூன்றாவது துள்ளலுக்கு முன், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மறுபடி மேலே ஏறிவிட்டேன். இரண்டாம் தரம் ஒழுங்காக இறங்கிவிட்டேன், ஆனால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆறே வாரத்தில் கை மறந்துவிட்டது. பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று தரமாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அது சட்டம் கேட்பது, கைக்கு அது போதாது. சும்மா நிற்கிற இன்ஜினுக்கும் ஆகாது, கடலோர ஈரக்காற்றில் உள்ளே துருப்பிடிக்கும்.

அதனால், "மாசத்துக்கு ஒரு மணி நேரம் பறந்து செலவைக் குறைத்துக்கொள்வேன்" என்று நினைத்தால் இதில் இறங்காதீர்கள். குறைவாகப் பறப்பதுதான் இதில் ஆக விலை உயர்ந்த வழி. மணிக் கணக்கில் பார்த்தால் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். வருஷத்துக்கு 60 மணி நேரத்துக்காவது பணமும் நேரமும் இருக்க வேண்டும். நேரத்தைத்தான் நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. என் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

இனி சந்தோஷம். 2024 மே மாதம், குறுவைக்கு முந்தின ஓய்வில் அப்பா ஹூஸ்டன் வந்திருந்தார். விடிந்ததும் கூட்டிப்போனேன். வெயில் ஏறினால் காற்று தூக்கிப் போடும், காலையில் தறிமேல் பாவு மாதிரி அசையாமல் இருக்கும். இறக்கைக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாயை அமுக்கி, கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்தேன். நீல நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி தனியாக உருளும். "டீசல் பில்டர்ல தண்ணி எடுக்கிற மாதிரிதானே?" என்றார். அதேதான். அவர் எடையைக் கேட்டேன், விமானத்தின் எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். "ஏத்துறதுக்கு முன்னாடி மூட்டையைத்தான் எடை போடுவாங்க" என்று சிரித்தார்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஈகிள் லேக் பக்கமெல்லாம் நெல் வயல். 1,500 அடியில் போனோம். தண்ணீர் கட்டிய வயல்களில் சூரியன் எங்களோடு கூடவே ஓடி வந்தது. அப்பா பத்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் ஹெட்செட்டில், "வரப்பு ஏன் பாம்பு மாதிரி வளைஞ்சு போவுது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்னொரு வட்டம் அடித்தேன். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மேடு பள்ளத்தை ஒட்டிப் போட்டிருக்கான். ஒரு வரப்புக்குள்ள தண்ணி ஒரே மட்டமா நிக்கும்." அத்தனை தரம் அந்த வயல்களுக்கு மேலே பறந்தவன் நான், அந்த வரப்பின் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. தூரத்தில் ஒரு மஞ்சள் விமானம் மிகத் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. அங்கே விதை தெளிப்பது, மருந்தடிப்பதுகூட விமானத்தில் உண்டு என்றேன். மேல்பக்க அணையிலிருந்து தண்ணீர் விடாத வருஷங்களும் அவர்களுக்கு உண்டு என்றேன். "அங்கயுமா?" என்றார்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பொழுதுபோக்காகச் செய்ய இப்போதைக்கு வழியில்லை. தஞ்சாவூர் ஓடுதளம் விமானப்படையுடையது. திருச்சி சர்வதேச விமான நிலையம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் விமான நிலையமே கிடையாது. ஹூஸ்டனில் நான் சின்னத் தளத்திலிருந்து யாரையும் கேட்காமல் கிளம்புவேன். இங்கே பொதுவாகப் பறக்கும் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். எரிபொருளும் விலைதான். 2022இல்தான் இந்தியன் ஆயில் இதை நாட்டுக்குள்ளேயே தயாரிக்க ஆரம்பித்தது, அதுவரை இறக்குமதி. கற்றுக்கொள்வதாக இருந்தால் இங்கேயும் 40 மணி நேரம், 17 வயது, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. முதலில் அந்த மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரே ஒரு தரம் பயிற்சியாளரோடு பறந்து பாருங்கள். பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டாதீர்கள்.

போன வாரம் அப்பாவோடு வாய்க்கால் கரையில் நின்றிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய சுகோய் போர் விமானம் ஒன்று தலைக்கு மேலே இடித்துக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டார்: "இது மணிக்கு எத்தனை வேலி தம்பி?"