ஒலிம்பிக் தங்கம் வாங்காமலே பெரிய வீராங்கனை என்று சொல்லத் தகுந்தவர் யார்?

என் பதில் கேத்தி குக். இங்கிலாந்துக்காரர், 1960-இல் பிறந்தவர். 1982 வரை கேத்தி ஸ்மால்வுட் என்ற பெயரில் ஓடினார், அதனால் பழைய முடிவுப் பட்டியல்களைப் புரட்டும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

பதக்கத்தை மட்டும் எண்ணினால் ஒலிம்பிக்கில் 3 வெண்கலம், அவ்வளவுதான். ஆனால் நேரங்களைப் பாருங்கள். 1981-இல் ரோமில் 100 மீட்டரை 11.10 நொடியில் ஓடினார். அந்த பிரிட்டிஷ் சாதனையை 2008-இல்தான் மான்டெல் டக்ளஸ் முறியடித்தார். 1984-இல் அவர் ஓடிய 200 மீட்டர் நேரம் 22.10, அது 2015-இல் டீனா ஆஷர்-ஸ்மித் வரும்வரை நின்றது. அதே 1984-இல் 400 மீட்டரில் 49.43. அதைத் தாண்டக் கிறிஸ்டின் ஒஹுருகுவுக்கு 2013 வரை ஆயிற்று, அதுவும் வெறும் 0.02 நொடி வித்தியாசத்தில். 100, 200, 400 மூன்றிலும் ஒரே ஆளின் சாதனை கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டில் நிற்பது சாதாரண விஷயமே இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் 1984 ஒலிம்பிக்தான் அவருடைய உச்சம். 400 மீட்டரில் வெண்கலம் வாங்கிவிட்டு, சில நாள் கழித்து தன் சொந்த ஓட்டமான 200 மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்தார். மூன்றாவதாக வந்த ஜமைக்காவின் மெர்லின் ஆட்டி 22.09, இவர் 22.10. நூறில் ஒரு நொடியில் நான்காம் இடம். அதே வாரம் அதே மைதானத்தில் நம் பி.டி. உஷாவுக்கும் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில்தான் வெண்கலம் போனது, அதனால் இந்த வலி என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேத்தி அதோடு நிற்கவில்லை, நாலு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி ஒரு கோலைக் கைமாற்றும் 4x100 தொடர் ஓட்டத்தில் இரண்டாவது ஆளாக ஓடி இன்னொரு வெண்கலம் வாங்கினார்.

அந்த ஒலிம்பிக்கைக் கிழக்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும் புறக்கணித்தன, அவர்கள் வந்திருந்தால் இந்தப் பதக்கங்கள் கிடைத்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், 400 மீட்டர் உலக சாதனையே அப்போது அங்கே வராத செக்கோஸ்லோவாக்கியாவின் கிராடோச்விலோவாவிடம் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் வந்த 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் என்ன நடந்தது? 200 மீட்டரில் கேத்திக்கு வெண்கலம், தொடர் ஓட்டத்தில் கிழக்கு ஜெர்மனிக்கு அடுத்து பிரிட்டனுக்கு வெள்ளி. கிழக்கு ஜெர்மனி அரசே திட்டம் போட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது பிற்பாடு ஆவணங்களோடு வெளியே வந்தது. அந்தக் காலத்தில் ஓடியவர்களின் வெள்ளியையும் வெண்கலத்தையும் அதைத் தெரிந்துகொண்டு எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடர் ஓட்டத்தில் இரண்டாவது ஆளின் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. முதல் ஆளுக்குக் கோலை வாங்கும் வேலை கிடையாது, கடைசி ஆளுக்குக் கொடுக்கும் வேலை கிடையாது. இரண்டாவது ஆள் முழு வேகத்தில் வாங்கி, நேர்ப் பாதையில் பறந்து, முழு வேகத்திலேயே கொடுக்க வேண்டும், இரண்டில் எது பிசகினாலும் நாலு பேரின் உழைப்பும் வீண். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஹெதர் ஹன்ட், கேத்தி, பெவர்லி கோடார்ட், சோனியா லானமன் நால்வரும் 42.43 நொடியில் ஓடி வெண்கலம் வாங்கினார்கள். அந்த நேரத்தை பிரிட்டன் அணி ஒன்று முந்தியது 2014-இல். காமன்வெல்த்தில் இங்கிலாந்துச் சட்டையில் ஓடியபோது 1978, 1982, 1986 மூன்று முறையும் இவர் இருந்த தொடர் ஓட்ட அணிக்குத் தங்கம்.

அப்புறம் இன்னொன்று, அவர் கணவர் கேரி குக்கும் ஓட்டக்காரர்தான். அதே லாஸ் ஏஞ்சலஸில் ஆண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய பிரிட்டன் அணியில் அவரும் ஒருவர்.