24 லட்சம் கொடுத்தும் ஈயம் தென்படாமல் போகலாம்

கேள்வி: வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். தோழியுடன் சேர்ந்து தண்டையார்பேட்டையில் சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் தொடங்க எண்ணம். ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலைமானி) கருவிக்கு 24 லட்ச ரூபாய் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. பழைய கருவி ஒன்று 7 லட்சத்துக்குக் கிடைக்கிறது. ஏன் இத்தனை விலை? பழையதை வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கொட்டேஷனில் ‘கிராஃபைட் உலை’ (மாதிரியைச் சுடருக்குப் பதில் மின்சாரத்தால் சூடேறும் சிறு குழாயில் ஆவியாக்கும் பகுதி) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சுடரில் அளக்கும் கருவி. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். சுடர்க் கருவிக்குப் பார்வை மங்குவது ஏறக்குறைய அந்த அளவில்தான். 0.1 இருந்தால் காட்டிவிடும். உங்களுக்குத் தேவையான இடத்தில் வெறும் இரைச்சலைத்தான் காட்டும். ஆர்சனிக்குக்கும் அந்த உலை வேண்டும், இல்லையென்றால் ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி அளக்கும் ஹைட்ரைடு இணைப்பு தனியாக வேண்டும். இவையெல்லாம் ‘விருப்பத் தேர்வு’ என்ற பெயரில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். கொட்டேஷனை நான் எப்போதும் பின்னாலிருந்துதான் படிப்பேன்.

விலைக்குக் காரணம் எளிது. மிக்ஸிபோல லட்சக்கணக்கில் விற்கும் பொருளில்லை இது. வடிவமைக்க ஆன செலவு முழுவதையும் வாங்குகிற சிலர் தலையில்தான் கட்ட முடியும். இறக்குமதி என்றால் டாலர் ஏற்றமும் சேரும்.

வாங்கிய பின்னும் செலவு ஓயாது. அளக்கும் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய ஒளியைத் தரும் ஒரு ஹாலோ கேத்தோடு விளக்கு வேண்டும். அதன் ஆயுளை 5,000 மில்லிஆம்பியர்-மணி என்று குறிப்பிடுவார்கள். 10 மில்லிஆம்பியரில் எரித்தால் 500 மணி நேரம். கிராஃபைட் குழாய் சில நூறு முறை சூடேறியதும் தேய்ந்துவிடும். ஆர்கான் சிலிண்டர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இதற்கு மேல்.

பழைய கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயம் உள்ள திட்டக் கரைசலை (அளவு தெரிந்த கரைசல்) நீங்களே தயாரித்து எடுத்துப்போய், உங்கள் கண்ணெதிரே பத்து முறை ஓட்டச் சொல்லுங்கள். நடுநடுவே வெறும் தண்ணீரும் ஓடட்டும். இரண்டுக்கும் எண்ணில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள். ‘முதலில் பணம், பிறகு பொருத்திக் காட்டுகிறோம்’ என்றாலும் அப்படியே. உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதை உற்பத்தி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். நான் ஒருமுறை வாய்வார்த்தையை நம்பி வாங்கினேன். ஒரு சிறிய மின்பலகைக்காக ஏழு மாதம் அந்தக் கருவி துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. கடன் தவணை மட்டும் தவறாமல் ஓடியது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் ஆண்டு உலோகக் கருவியே வாங்கமாட்டேன். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட சங்கதி. வடசென்னையில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் முதலில் கேட்பது உப்பும் கடினத்தன்மையும்தான். அதற்கு பியூரெட், கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. கரைசல், உப்புக்கு சில்வர் நைட்ரேட், பி.எச். மீட்டர், கடத்துதிறன் மீட்டர் போதும். ஒரு யு.வி. நிறமாலைமானி சேர்த்தால் நைட்ரேட், இரும்பு, ஃபுளோரைடும் அடங்கிவிடும். கேன் தண்ணீர் வாடிக்கையாளருக்காக இன்குபேட்டரும் ஆட்டோகிளேவும் வாங்குங்கள். கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வராத நாள் இருக்காது.

உலோகம் கேட்டு வருபவரின் மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். அளவை 2-க்குக் கீழே இறக்கி, என்.ஏ.பி.எல். (பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்புங்கள். அங்கீகாரம் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் உண்டா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே அளந்தது என்பதை உங்கள் அறிக்கையில் மறைக்க வேண்டாம். சான்று தேவைப்படாத, நீங்களே கற்றுக்கொள்ளச் செய்யும் சோதனை என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் நுண்பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. நாட்டில் எந்தக் கருவி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்பதை ஐ-ஸ்டெம் தளத்திலும் தேடலாம். வெளியே கட்டும் மாதக் கட்டணம் கடன் தவணை, வாயு, பராமரிப்பு மூன்றின் கூட்டுத்தொகையைத் தாண்டும் மாதத்தில் மறுபடி கொட்டேஷன் கேளுங்கள்.

இடம் பார்க்கும்போது ஒன்று: கன்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய கட்டடம் வேண்டாம். கிராமில் நான்கு தசம இடம்வரை காட்டும் தராசு அந்த அதிர்வில் நிலைகொள்ளாது. வேறு வழியில்லை என்றால், சுவரில் படாமல் கனத்த கருங்கல் பலகை போட்டுத் தராசை அதன்மேல் வையுங்கள்.