‘பேச்சில் தெளிவில்லை’ என்றால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் மாணவர் விசாவில் சமூகப் பணி முதுகலை படிக்கிறேன். ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பு) குழந்தைகள் நலப் பிரிவில் 100 நாள் கடைசிப் பிளேஸ்மென்ட், அதாவது களப்பயிற்சி. ஒரு குடும்பம் ‘வெள்ளைக்காரரை அனுப்புங்கள்’ என்றது. மேலாளர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என்னை அந்தக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது களத்தில் என்னை மதிப்பிடும் பிராக்டிஸ் எஜுகேட்டர் ‘தன்னம்பிக்கை போதாது, பேச்சில் தெளிவில்லை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டு வாரத்தில் இடைக்கால மதிப்பீடு. இனப்பாகுபாடு என்று புகார் செய்தால் ஃபெயில் ஆக்கிவிடுவார்களா?

பதில்: நல்லெண்ணத்தோடு புகார் செய்ததற்காக உங்களுக்குப் பாதகம் செய்தால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அதுவே தனியொரு சட்டமீறல். புகார் நிரூபிக்கப்படாமல் போனாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் முதலில் ஒரு மின்னஞ்சல். ‘தெளிவில்லை’ என்று எந்தத் தேதியில், எந்தச் சந்திப்பில் கண்டீர்கள்? சமூகப் பணி மாணவர்களை மதிப்பிடும் தொழில்திறன் சட்டகத்தின் ஒன்பது பிரிவுகளில் எதில் குறை? சண்டை வேண்டாம், இவ்வளவு மட்டும் கேளுங்கள். உச்சரிப்பு பிடிக்காததைப் படிவத்தில் ‘தொடர்புத்திறன்’ என்று எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உதாரணம் கேட்டால்தான் அது வெளியே வரும். கேஸைப் பறித்துவிட்டுப் பிறகு ‘போதிய சான்று இல்லை’ என்பார்கள். அதனால் அதற்கு ஈடான வேலையையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளோடு குறித்து வையுங்கள். குடும்பத்தின் பெயர் அதில் வரக்கூடாது. கேஸ் கோப்பு எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பினால் இனப்பாகுபாடு மறைந்துபோய் உங்கள் மீது ரகசியக்காப்பு விசாரணை தொடங்கிவிடும். உங்களைப் பற்றி கவுன்சிலும் பல்கலைக்கழகமும் எழுதிய குறிப்புகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

அப்புறம், பல்கலைக்கழகத்தில் முறையான புகார். இங்கேதான் காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் மீது வழக்கு என்றால், சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். உள்விசாரணை நடப்பதால் மட்டும் அது நீளாது. ஆறு மாதம் முடிவதற்குள் விவகாரம் ஓ.ஐ.ஏ. என்னும் உயர்கல்விச் சுயாதீன நடுவர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் மட்டுமே ஒன்பது மாதம். ஆனால் உள்விசாரணை முடிந்தது என்று பல்கலைக்கழகம் இறுதிக் கடிதம் தந்த பிறகுதான் அவர்கள் வழக்கமாகப் புகாரை எடுப்பார்கள். கடிதத்தை ஏழாம் மாதம் தந்தால் அந்தக் கூடுதல் மூன்று மாதமும் போச்சு. ஆகவே கேஸைப் பறித்த நாளிலிருந்து எண்ணுங்கள், கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல. கவுன்சில் மீதான கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். மாணவர் சங்க ஆலோசகரை இந்த வாரமே பாருங்கள்.

இனவெறி எதிர்ப்பு இந்தப் படிப்பில் கட்டாயம் என்று அன்றைய சமூகப் பணிக் கல்வி, பயிற்சிக்கான மத்தியக் கவுன்சில் 1989இலேயே விதி எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில ஆண்டுகளில் அந்த வாசகங்களை நீர்த்துப்போகச் செய்தார்கள். இன்றும் ஒரு மாணவி தன் வலியைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

இன்னொன்று. ‘புகாரும் எழுதித் தருகிறேன், விசாவும் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பவுண்டில் காசு கேட்கும் ஆட்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார்கள். மாணவர் சங்க ஆலோசனை இலவசம், ஓ.ஐ.ஏ.வும் இலவசம். தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது அங்கே குற்றம். குடிவரவு ஆலோசனை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைப் பாருங்கள். ‘படிப்பை நிறுத்தி வையுங்கள்’ என்று அந்த வாட்ஸ்அப் ஆட்கள் சொல்வதைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிப்பை நிறுத்தினால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவே கைவிட்டுப் போகலாம்.

மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு உங்கள் டியூட்டர் வர வேண்டும் என்று இன்றே எழுதுங்கள். மாணவர் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்துவர அனுமதியும் கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்று இரவே, பேசியதைச் சுருக்கி எழுதி அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.