தெருச் சந்தையில் கடை போடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரையில் உள்ளூர்ச் சிறுகடைக்காரர்களுக்காகக் காலையில் கூட்டம், மாலையில் தெருச் சந்தை என்று ஏற்பாடு நடக்கிறது. அதில் கடை போடுகிறவர்கள் கேட்டவையும், இந்த வேலையில் பழகியவர் சொன்ன பதில்களும்.

செல்லூர், ஜிகர்தண்டா: 300 கிளாஸ் போடணும் அண்ணே. பால் எவ்வளவு வாங்க?

45 லிட்டர். பாதியாகச் சுண்டினால் இருபத்திரண்டரை நிற்கும். கிளாஸுக்கு 75 மில்லி வீதம் 300க்குச் சரி. பாலைக் காய்ச்சுவதில் யாரும் தப்பு பண்ணுவதில்லை, ஆறவைப்பதில்தான் பண்ணுகிறார்கள். அண்டாவோடு சூடாக ஃப்ரிட்ஜில் ஏற்றினால் ஓரம் குளிரும், நடு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். சாயங்காலம் புளிப்பு தட்டும். 5 லிட்டர் தூக்குகளில் பிரித்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறி ஆற்றுங்கள், பிறகு உள்ளே வையுங்கள். பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள். காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் கடுக்கென்று தட்டுப்பட்டால் இன்னும் ஊறணும். பிசினில் ஒட்டியிருக்கும் மரப்பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு இரண்டு தண்ணீர் அலசுங்கள்.

அனுப்பானடி, சிற்றுண்டி: ஃப்ரீசர், மிக்ஸி, இண்டக்சன் மூணும் இருக்கு. ஒரு பிளக் பாயின்ட் போதுமா?

போதாது அக்கா. இண்டக்சன் 2000 வாட், மிக்ஸி 750, சின்ன ஃப்ரீசர் 300 என்று வைத்தால் மொத்தம் 3050. 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸுக்கு மேல். 16 ஆம்ப்ஸ் பாயின்ட் தாங்குகிற மாதிரிதான் தெரியும். ஆனால் ஃப்ரீசர் கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் பல மடங்கு இழுக்கும். அந்த நேரம் பார்த்து மிக்ஸியும் ஓடினால் டிரிப் ஆகிவிடும், பக்கத்துக் கடையும் உங்களோடு இருட்டில் நிற்கும். இதைவிட மோசம், வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மெல்லிய வயரைச் சுருட்டிப் போட்டு இண்டக்சன் ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக வாங்கி முழுசாக விரித்துப் போடுங்கள். இண்டக்சனுக்குத் தனி லைன் கேளுங்கள். ஏற்பாட்டாளர்களும் விண்ணப்பத்திலேயே வாட் கணக்கு கேட்டுவிட வேண்டும். சந்தை அன்று கேட்டுப் பயனில்லை.

சுங்குடி வியாபாரி: துணியில் நூலால் கையாலேயே முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றிப் புள்ளி வரவைத்த கைக்கட்டுச் சேலை என்று ஜனங்களை எப்படி நம்பவைப்பது?

ஒரு சேலையை இஸ்திரி போடாமல், முடிச்சை முக்கால்வாசி மட்டும் அவிழ்த்து, முன்னால் தொங்கவிடுங்கள். நூல் சுற்றிய குமிழ் ஒவ்வொன்றும் துணியில் முட்டி நிற்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். அச்சடித்த புள்ளி தட்டையாக, அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளாமல் அந்த முத்திரையைச் சீட்டில் அடிக்காதீர்கள். மேற்கு வெயில் விழுகிற கடையென்றால் ஒரே மடிப்பை நாள் முழுக்க முன்னால் வைக்க வேண்டாம், மடிப்பு ஓரம் வெளுத்துவிடும்.

ஜெய்ஹிந்த்புரம், அப்பளம்: பாக்கெட்டில் என்னென்ன போடணும்?

பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்தணும், அதிகபட்ச விலை, முகவரி, புகார் எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண். நிறுத்துக் கொடுத்தால் அரசு முத்திரையிட்ட தராசு வேண்டும்.

ஏற்பாட்டாளர்: காலைக் கூட்டத்துக்குக் கடைக்காரர்களே வருவதில்லை. ஏன்?

11 மணிக்கு வைத்தால் எப்படி வருவார்கள்? கடை திறந்து, சரக்கு இறங்குகிற நேரம் அது. 7 மணிக்கு ஆரம்பித்து 9க்குள் முடியுங்கள். பேச்சைக் குறைத்து, உத்யம் பதிவை (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) அங்கேயே உட்காரவைத்துச் செய்துகொடுங்கள். அது இலவசம்தான், தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆதாரோடு இணைத்த போன், பான் எண் இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்கென்றே வருவார்கள்.

பொதுவாக: சந்தை நெரிசலில் கியூஆர் பணம் நின்றுபோகிறதே?

ஆயிரம் பேர் கூடினால் டவர் திணறும். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். 10, 20 ரூபாய் நோட்டாக ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறையும் கையில் இருக்கட்டும். கியூஆர் அட்டையை மேசையில் விட்டுப்போகாதீர்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பணம் வேறெங்கோ போகும். மணிக்கொரு தரம் நீங்களே ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள்.