புகையா, புழுதியா? வாசகர் கேள்விகள்

கேள்வி: 2023 ஜூன் 7 அன்று, கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுத்தீயின் புகையால் நியூயார்க் நகரின் வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் மேகத்தையும் புகையையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: அடர்ந்த மேகம் வெள்ளைவெளேரென்று, ஓரம் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். புகையோ நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், அடியிலுள்ள ஆறும் வயலும் மங்கலாகப் புலப்படும் அளவுக்கு மெல்லியதாகப் பரவியிருக்கும். துகளின் பருமன்தான் இதற்குக் காரணம். மேகத்தின் நீர்த்துளிகள் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளவை என்பதால் எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்வது சரியாகாது. சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றிய கோஸ்-16 செயற்கைக்கோள் 5 நிமிடத்துக்கொரு முறை எடுத்த படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், கனடாவின் கிழக்குக் கரையோரம் நிலைகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு அந்தப் புகையைத் தெற்கே இழுத்து வந்த விதம் விளங்கிற்று. அத்தகைய ஓட்டப்படத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு: காலையிலும் மாலையிலும் புகை பளிச்சென்று தெரியும், நண்பகலில் மங்கிப்போகும். புகை கூடிக் குறைந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஓட்டு வீட்டில், கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயிலை எதிர்கொண்டு பார்க்கும்போது மட்டும் தூசி மின்னுமே, அதே கதைதான் இது: காலை, மாலைச் சாய்வெயிலில் செயற்கைக்கோளும் ஒளியை எதிர்கொண்டே புகையைப் பார்க்கிறது.

கேள்வி: சகாராப் புழுதிப் புயலின் படங்கள் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கின்றன? இரவிலும் அதைப் பார்க்க முடியுமா?

பதில்: அது புழுதியின் நிறமன்று, கணினி பூசிய நிறம். இதைச் சொல்லாமலே செய்தித்தாள்கள் அப்படத்தை அச்சிட்டுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. பாலைவனத்தின் மேல் பறக்கும் புழுதி, சாதாரண ஒளிப்படத்தில் மணலோடு மணலாகக் கலந்துவிடும். அட்லாண்டிக் கடலுக்கு மேல் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆகவே மெட்டியோசாட் செயற்கைக்கோள், பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை 8.7, 10.8, 12 மைக்ரான் ஆகிய அலைநீளங்களில் அளக்கிறது. கனிமப் புழுதி 12 மைக்ரானைவிட 10.8 மைக்ரான் கதிரை அதிகம் உறிஞ்சும். மெல்லிய பனித்துகள் மேகம் இதற்கு நேர்மாறானது. இந்த வேறுபாட்டுக்குச் சிவப்பு நிறத்தை ஒதுக்குவதால் புழுதி இளஞ்சிவப்பாகத் தனித்து நிற்கிறது. வெப்பக் கதிருக்கு இரவு பகல் இல்லையாதலால், 2020 ஜூனில் கரீபியன் தீவுகள் வரை சென்ற பெரும் புழுதிப்படலத்தை இரவிலும் தொடர முடிந்தது.

புகைக்கு இந்த வழி பலிக்காது. அதன் நுண்துகள்களை வெப்பக் கதிர் ஏறக்குறைய தடையின்றிக் கடந்துவிடும். வெப்பக் கதிர்ப் படத்தில் இரவில் தெரிவது புகையன்று, எரியும் தீயே.

கேள்வி: ஓர் ஊரின் மேல் புகை தெரிந்தால், அங்கு காற்று கெட்டுவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. மேலிருந்து தரைவரை உள்ள அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தே படம் காட்டுகிறது. 2023 ஜூன் இறுதியில் கனடாப் புகை ஐரோப்பாவை எட்டியபோது, அதில் பெரும்பகுதி வெகு உயரத்திலேயே இருந்ததால், வானம் மங்கியதே தவிரத் தரைமட்டக் காற்று பெரிதாகக் கெடவில்லை. புகை எந்த உயரத்தில் உள்ளது என்பதை அறிய லேசர் கதிரைக் கீழ்நோக்கிச் செலுத்தி அளக்கும் கருவி வேண்டும். 2006 முதல் 2023 வரை கலிப்ஸோ செயற்கைக்கோள் அப்பணியைச் செய்தது. மூச்சில் எவ்வளவு கலக்கிறது என்பதற்கோ, அந்த ஊரில் தரையில் வைத்துள்ள பிஎம் 2.5 அளவியை, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்களை அளக்கும் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.