பதில்: டெனல் நிறுவனத்தின் மேற்கோள் கணக்கு

டர்பன் தம்பிக்கு வணக்கம். தென்னாப்பிரிக்க அரசின் ஆயுத நிறுவனமான டெனலின் ஆய்வுகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறீர்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் டெனல் என்று தேடினால் கொஞ்சம்தான் வருகிறது, கூகுளின் கட்டுரைத் தேடல் தளமான ஸ்காலரில் எகிறுகிறது, ஆய்வேட்டில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

ஸ்காலரை விட்டுவிடுங்கள். அதில் ஆசிரியரின் நிறுவனத்தை வைத்து வடிகட்ட வழியில்லை. டெனலின் ரூயிவால்க் ஹெலிகாப்டரைப் பற்றி வெளியாள் யாரோ எழுதியதும் கலந்துவிடும். ஸ்கோபஸிலும் ஒரு பெயர் போதாது. டெனல் 1992-இல்தான் அரசின் ஆயுதக் கொள்முதல் நிறுவனமான ஆம்ஸ்கோரிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய அட்லஸ், கென்ட்ரான் பெயர்களையும் தேடுங்கள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பங்கு பிரித்து மதிப்பிடுங்கள், தன்மேற்கோளை, அதாவது டெனல்காரர்கள் தங்கள் கட்டுரைகளையே மேற்கோள் காட்டியதைக் கழியுங்கள்.

ஆனால் ஆயுதம் செய்கிற கம்பெனி கண்டுபிடித்ததையெல்லாம் கட்டுரையாக எழுதுமா என்ன? காப்புரிமைகளைப் பாருங்கள். இங்கே ஒரு சிக்கல்: நம் தென்னாப்பிரிக்கக் காப்புரிமை அலுவலகம் நெடுங்காலமாக உள்ளடக்கத்தைச் சோதிக்காமலே பதிவு செய்து வந்தது. அதனால் விண்ணப்பத்தைச் சோதிக்கும் பரிசோதகர், முந்தைய ஆவணங்களைக் குறித்துத் தரும் மேற்கோள்களை அந்தப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. அதே கண்டுபிடிப்புக்கு ஐரோப்பிய விண்ணப்பம் இருந்தால், டெனல் ஆவணத்தை அடுத்தவர் விண்ணப்பத்தின் தேடல் அறிக்கையில் எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'எக்ஸ்' என்றால் அந்த ஒரு ஆவணமே புது விண்ணப்பத்தின் புதுமையையோ கண்டுபிடிப்புத் தன்மையையோ கேள்விக்குள்ளாக்குகிறது. 'ஏ' என்றால் வெறும் பின்னணி. இரண்டையும் சேர்த்து எண்ணுவது நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலில் அளப்பதுதான். லென்ஸ் (Lens.org) என்ற இணையதளத்தில் காப்புரிமை மேற்கோள்களை இலவசமாகவே பார்க்கலாம்.

எச்-குறியீடு (குறைந்தது எச் முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருப்பதைச் சொல்லும் எண்) வேண்டாம். இவ்வளவு குறைந்த கட்டுரைகளுக்கு அது ஒன்றும் சொல்லாது. மேற்பார்வையாளர் வற்புறுத்தினால் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.